சுவிட்சை நிறுத்திய பிறகும் சுற்றுகிறதே, அதற்கு என்ன பேர்? ‘அடங்கோட்டம்’ சரிவருமா?

வணக்கம்.

இந்தக் குழுவில் பவர் மெஷின் (கரண்டில் ஓடும் தையல் மெஷின்) உறுப்புகளுக்குத் தமிழ்ப் பேர் தேட ஆரம்பித்து, அடிநூல் சுற்றும் பாபினுக்கு என்ன சொல்லலாம் என்பதிலேயே ஒரு வாரம் போய்விட்டது. பாபின் பாபினாகவே இருக்கட்டும் என்பது என் எண்ணம். எங்கள் பக்கம் எட்டாவது படித்த பெண்ணும் அதைத்தான் சொல்கிறாள், யாருக்கும் குழப்பம் இல்லை. எனக்கு அவசரமாக வேண்டியது வேறொரு சொல்: சுவிட்சை அணைத்த பிறகும் மெஷினின் மோட்டார் கொஞ்ச நேரம் சுற்றுகிறதே, அதற்கு ஒரு பேர். அதற்குத் தமிழிலும் பேர் இல்லை, தையல் கூடத்தில் புழங்கும் ஆங்கிலத்திலும் பேர் இல்லை. பேர் இல்லாததால்தான் விரலில் ஊசி ஏறுகிறது என்று நான் நம்புகிறேன்.

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் பணம் வராது, அந்த இரண்டு மாதம்தான் எங்கள் கூடத்தில் கூட்டம் அதிகம். கடல் பாசி எடுக்கிற பெண்கள் வருவார்கள், கருவாடு காயப்போடுகிறவர்கள் வருவார்கள். பலர் வீட்டில் கால் மெஷின் மிதித்துப் பழகியவர்கள். மெஷின் எல்லாம் திருப்பூரில் பழையதாக வாங்கியது. இரண்டில் மட்டும் சர்வோ மோட்டார் (மிதித்தால் மட்டும் சுற்றுவது), மற்றதெல்லாம் கிளட்ச் மோட்டார்.

இந்தக் கிளட்ச் மோட்டார்தான் விஷயமே. சுவிட்சைப் போட்டால் நாம் தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது முழு வேகத்தில், நிமிடத்துக்கு 2800 சுற்றுக்கு மேல், மேசைக்கு அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதிக்கும்போது உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டு, சுற்றுகிற கனமான சக்கரத்தோடு ஒட்டும், பெல்ட் இழுக்கும், ஊசி இறங்கும். சுவிட்சை அணைத்தால் கரண்ட் போய்விடும், ஆனால் சக்கரம் உடனே நிற்காது. எங்களிடம் உள்ள ஒரு மெஷினில் கைபேசியை வைத்து எண்ணிப் பார்த்தேன், இருபது விநாடி தாண்டியும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இருபது விநாடிக்குள் கால் பெடலில் பட்டால் ஊசி இறங்கும், கரண்டே இல்லாமல் இறங்கும்! பக்கத்தில் நான்கு மெஷின் ஓடுகிற சத்தத்தில், அணைத்த மெஷின் இன்னும் முனகுவது காதில் விழாது.

சென்ற வருடம் இப்படித்தான் நடந்தது. பள்ளிச் சீருடைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்த பெண், நூல் அறுந்ததும் நான் சொல்லிக்கொடுத்தபடியே சுவிட்சை அணைத்தாள், அணைத்த கையோடு குனிந்து ஊசியில் நூல் கோர்த்தாள், பாதம் பெடல் மேல்தான் இருந்தது, ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து உள்ளே முறிந்தது. எக்ஸ்ரே எடுத்து முனையை எடுக்க வேண்டியிருந்தது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. “சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு நூல் கோரு” என்றுதான் நான் சொல்லியிருந்தேன், அதையேதான் செய்தாள். ஆஃப் செய்வதற்கும் நிற்பதற்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அதைச் சுருக்கமாகச் சொல்ல என்னிடம் சொல்லும் இல்லை.

கால் மெஷினிலிருந்து வருகிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். கால் மெஷின் நம் காலுக்குக் கட்டுப்பட்டது, காலை எடுத்துச் சக்கரத்தில் கையை வைத்தால் நின்றுவிடும். பவர் மெஷினோ வேகம் கூட்டினால் நிமிடத்துக்கு 5000 தையல் வரை போகும், அதாவது விநாடிக்கு எண்பது தடவைக்கு மேல் ஊசி இறங்கி ஏறும். கையை இழுத்துக்கொள்ளலாம் என்று மூளை நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இங்கே முதலில் வந்த யோசனை ‘நிலைம ஓட்டம்’. பொருள் துல்லியம், மறுக்கவில்லை. பள்ளிப் பாடத்தில் நிலைமம் (ஓடுகிற பொருள் தானாக நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் தன்மை) படித்தவர்களுக்குப் புரியும். ஆனால் எங்கள் கூடத்தில் அதைச் சொல்லிப் பார்த்தேன், ‘நிலை’ என்று காதில் விழுந்ததும் நிற்கிறது என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆபத்துக்கு நேர் எதிரான பொருள். இலங்கைப் பாடப்புத்தகத்தில் இதே நிலைமத்தைச் சடத்துவம் என்பார்கள், ‘சடத்துவ ஓட்டம்’ என்று வைத்தாலும் கூடத்தில் யார் வாயிலும் நுழையாது.

அடுத்தது ‘எச்ச ஓட்டம்’. இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது இனிக்கும், வினையெச்சம் என்றாலே முடியாமல் தொங்கி நிற்கும் வினைதானே, ‘ஓடி’ என்று சொல்லி நிறுத்தினால் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று தெரிகிறதே. எனக்கும் முதலில் ரொம்பப் பிடித்தது. ஆனால் கடற்கரை ஊரில் எச்சம் என்றால் கடல்காக்கை போடுவது. பெண்கள் முகம் சுளித்துவிட்டார்கள், சொல் அங்கேயே செத்தது. ‘மிச்ச ஓட்டம்’ பரவாயில்லை, புரிகிறது. ஆனால் மிச்சம் என்பது எங்கள் வீடுகளில் நல்ல சொல், சோறு மிச்சம், காசு மிச்சம். பயம் வர வேண்டிய இடத்தில் அது பயத்தைத் தரவில்லை.

அப்புறம் ஒரு நாள் கிளட்ச் மோட்டாரை அணைத்துவிட்டு எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, அது நிற்கும் வரை காத்திருந்தோம். பாசி எடுக்கப் போகிற ஓர் அக்கா, அம்பது வயதிருக்கும், விரலெல்லாம் பாறை கீறிய தழும்பு, “இன்னும் அடங்கல, அடங்கட்டும்” என்றார். கடலைப் பற்றியும் அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். கச்சான் காற்று வீசி ஓய்ந்தாலும் அலை உடனே ஓயாது, காற்று நின்றுவிட்டதே என்று இறங்கினால் பாறையில் அடித்துவிடும், கடல் அடங்கிய பிறகுதான் இறங்க வேண்டும். மோட்டாருக்கும் அதே கணக்கு. தள்ளுகிற விசை நின்ற பிறகும் அசைவு மிஞ்சி நிற்கிறது, அது தானாக அடங்க வேண்டும். அந்த அக்காவுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே என் யோசனை ‘அடங்கோட்டம்’. அடங்கு, ஓட்டம் இரண்டும் சேர்ந்த வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. அடங்கிய, அடங்குகிற, அடங்கும் என்று மூன்று காலமும் உள்ளே இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். வேகமாகச் சொன்னால் ‘அடங்கா ஓட்டம்’ என்று காதில் விழுமே என்பீர்கள். விழட்டும். தப்பாகக் கேட்டவளும் ‘இது இன்னும் அடங்கவில்லை’ என்று நினைத்துக் கையைத் தள்ளியே வைப்பாள். நிலைம ஓட்டத்தைத் தப்பாகக் கேட்டவள் கையை உள்ளே விடுவாள். விரல் விஷயத்தில் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

இன்னொரு வசதி, இதிலிருந்து வினை கிடைக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகு மெஷினின் பாதத்துக்கு (ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் உறுப்பு) அடியில் ஒரு துண்டுத் துணியை வைத்து, கை இரண்டையும் எடுத்துவிட்டுப் பெடலை மிதித்தால், சக்கரத்தில் மிஞ்சியிருக்கும் வேகம் அந்தத் துணியில் தைத்துத் தீர்ந்துவிடும், ஊசி நின்றுவிடும். காத்திருப்பதைவிட இது நல்லது, நின்றதைக் கண்ணால் பார்க்கிறோம். இந்தச் செயலுக்கு ‘ஓட்டம் அடக்குதல்’. “அணை, அடக்கு, காலைத் தரையில் வை, பிறகு கோர்” என்று நான்கே படியில் சொல்லிவிடலாம். ஒரு மாதமாக அப்படித்தான் சொல்கிறேன். இப்போது அவர்களே பக்கத்து மெஷின்காரியைப் பார்த்து “அடக்கிட்டியா?” என்று கேட்கிறார்கள்.

கரண்ட் போகும்போதும் இதே சொல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதும் சகஜம். கரண்ட் போனதும் நூலைச் சரிசெய்யலாம் என்று குனிகிறார்கள். அப்போதும் அடங்கோட்டம் இருக்கிறது. பழைய சுவிட்சில் ஆன் பொத்தான் அமுங்கியபடியே இருக்கும், கரண்ட் திரும்பியதும் மோட்டார் தானாகக் கிளம்பிவிடும். அதனால் கரண்ட் இல்லாவிட்டாலும் பொத்தானை அணைத்து, ஓட்டத்தை அடக்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

சர்வோ மோட்டாருக்கு இந்தச் சொல்லைப் போட வேண்டாம். மிதித்தால்தான் அது சுற்றும், காலை எடுத்தால் நின்றுவிடும். அதன் ஆபத்து வேறு: சத்தமே இல்லாததால் ஆன்-ல் இருப்பது தெரியாது. அதற்குத் தனியாக ஒரு சொல் தேட வேண்டும், இதோடு கலக்கக் கூடாது. மாறாக, சாணைக் கல்லுக்கும் மர அறுவை மில் ரம்பத்துக்கும் அடங்கோட்டம் அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

முன்பு நிலைம ஓட்டத்தை ஆதரித்த ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். அகராதியில் உங்கள் சொல்லே இருக்கட்டும், கூடத்தில் இதைப் புழங்க உங்களுக்கு ஆட்சேபம் உண்டா? ஒவ்வொரு மெஷினின் தலைக்கு நேரே சுவரில் எழுதிவைக்கப் போகிறோம், பெயிண்டர் அடுத்த வாரம் வருகிறார். ‘அடங்கோட்டம்’ என்று ஒரே சொல்லாக எழுதுவதா, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்காக ‘அடங்கும் ஓட்டம்’ என்று பிரித்து எழுதுவதா என்பதையாவது அதற்குள் முடிவுசெய்ய வேண்டும்.