பிடித்த மீனையே சுறாவுக்கு இரையாக மாட்டலாமா?

ஆனையூர் தூண்டில்:

வணக்கம். மதுரையிலிருந்து நாலு பேர் ஜனவரிக் கடைசியில் மண்டபம் போகிறோம். நாட்டுப்படகு, கைத்தூண்டில், ராடு, அவ்வளவுதான். வலை கிடையாது. குறி பால்சுறா. இரை விஷயத்தில் நாலு சந்தேகம்.

அங்கேயே பிடிக்கும் மடவை, சாளையை உயிரோடு முள்ளில் மாட்டலாமா? முதலில் ஒரு குட்டித் திருக்கையோ உழுவையோ (கிதார் மீன்) சிக்கினால் அதை வெட்டிச் சுறாவுக்குப் போடலாமா? இரைக்காக இங்கே கண்மாயில் ஜிலேபிக் கெண்டை பிடித்துக் கொண்டுபோனால் தப்பா? கடைசியாக, அமெரிக்க வீடியோக்களில் அளவு குறைந்த மீனை இரையாக வெட்டக் கூடாது, சர்க்கிள் ஹூக் (நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்) கட்டாயம் என்கிறார்கள். நமக்கும் அதுதான் சட்டமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கீழக்கரைக் காற்று:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நீங்கள் பார்த்தது ஃபுளோரிடா விதிகளாக இருக்கும். அங்கே ஒவ்வொரு மீனுக்கும் குறைந்தபட்ச நீளம், ஆளுக்கு இத்தனை என்ற கணக்கு உண்டு. முள்ளில் மாட்டினாலும் அது நீங்கள் பிடித்த மீன்தான். துண்டாக்கிவிட்டால் அதிகாரியால் அளக்க முடியாது, அதனால்தான் அந்தக் கெடுபிடி. மெக்சிகோ வளைகுடாவின் கூட்டரசுக் கடலில் பாறைமீன் வகைகளை இரையாக மாட்டவே தடை. கரையிலிருந்து சுறா பிடிக்க 2019 ஜூலையிலிருந்து தனி அனுமதிச் சீட்டு வேண்டும், கரையில் நின்று இரைக்கூழ் கொட்டக் கூடாது. எல்லாம் அந்த ஊர் நீருக்கு எழுதியவை. மண்டபத்தில் செல்லாது.

நம் சட்டம் கேட்பது வேறு: அது என்ன இனம், எந்த இடத்தில் பிடித்தது, எந்த முறையில் பிடித்தது? இந்த மூன்றிலும் சுத்தமாக இருந்தால் மடவை, சாளை, காரல், கணவாய் எதையும் தாராளமாக மாட்டலாம். ஒன்றில் இடறினால், "சாப்பிட இல்லை, இரைக்குத்தான்" என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது.

இனத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அம்மணி உழுவை (திமிங்கலச் சுறா), வேளா (வாள் மூக்கு மீன்), பாண்டிச்சேரிச் சுறா, கங்கைச் சுறா, முதுகெல்லாம் முள் முளைத்த திருக்கை, உழுவையில் சில இனங்கள் எல்லாம் இருக்கின்றன. 2022 திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: வேண்டாம். எந்த உழுவை பட்டியலில் உள்ளது, எது இல்லை என்று ஆடும் படகில் வைத்துப் பிரிப்பது பழகிய கண்ணுக்கே கடினம். அதை வெட்டித் துண்டாக்கியபின், "இது அந்த இனம் இல்லை" என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. உழுவை வந்தால் விட்டுவிடுங்கள். திருக்கையும் அப்படியே.

ஓங்கில் (டால்பின்), கடலாமை, கடல் பசு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓங்கில் இறைச்சிக்குச் சுறா நன்றாகக் கடிக்கும் என்று இன்னமும் சொல்லித் திரிகிறார்கள். மூன்றுமே முதல் அட்டவணை. தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். "நாங்கள் கொல்லவில்லை, செத்துக் கரை ஒதுங்கியது" என்றாலும் தப்ப முடியாது. 39ஆம் பிரிவின்படி இறந்து கிடக்கும் வன உயிரினம் அரசின் சொத்து. அது கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். ஒரு துண்டு அறுத்து முள்ளில் மாட்டினாலே குற்றம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தில் "வேட்டை" என்றால் கொல்வது மட்டுமில்லை. பிடிப்பது, பொறி வைப்பது, இரை வைத்து ஈர்ப்பது, அதற்கான முயற்சி, எல்லாமே வேட்டைதான். வேளாவைப் பிடிக்கவென்று இரை போட்டு, ஒன்றும் கடிக்காமல் வெறுங்கையோடு திரும்பினாலும் அது குற்ற முயற்சிதான்.

மீன்பாசி:

மேலே சொன்னது சரி. கண்மாய்க் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

நம் பக்கம் கண்மாய்களில் பெரும்பாலானவை மீன்பாசி ஏலத்தில் போனவை. ஏலம் எடுத்தவருக்குத்தான் அந்த மீன் பாத்தியதை. தூண்டிலில் நாலு ஜிலேபி பிடித்தாலும் அவரிடம் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஊர் ஏலம் என்றால் ஊர்ப் பெரியவர்கள், பஞ்சாயத்து ஏலம் என்றால் அலுவலகம்.

ஆனால் சட்டத்தை விட்டாலும் ஜிலேபி இந்த வேலைக்கு நல்ல இரை இல்லை. தோலும் செதிலும் தடிப்பு, எண்ணெய் குறைவு, ரத்த வாடை நீரில் பரவாது. சுறா மோப்பத்தில் வருகிற மீன். சாளை, அயிலை, கணவாய்தான் அதற்கு. உயிர் ஜிலேபி கொண்டுபோனால் மிச்சத்தைக் கடலிலோ வழியில் கண்ட ஊருணியிலோ விடாதீர்கள். உப்பு நீரிலும் தாக்குப்பிடித்துப் பெருகும் மீன் அது, வந்த இடத்தில் நாட்டு மீனை ஒழித்துவிடும்.

கரிமேடு மார்க்கெட்டில் அதிகாலை சாளை வாங்கிப் போவதே லேசு. வாங்கும்போது பாருங்கள்: வயிற்றைத் தொட்டால் குழைகிறதா, செவுளிலும் கண்ணிலும் ரத்தம் கட்டியிருக்கிறதா, கையில் எடுத்தால் முதுகெலும்பு முறிந்து தொங்குகிறதா? அப்படி இருந்தால் வெடி போட்டுப் பிடித்ததாக இருக்கலாம். வெடி, விஷம் இரண்டும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். அதைவிட முக்கியம், வெடிமீன் சதை ஊறிப்போய் முள்ளில் நிற்காது, எறியும்போதே கழன்று விழும். இரண்டு காரணத்துக்கும் வாங்க வேண்டாம்.

பதப்படுத்த: ஒரு கிலோ சாளைக்கு 200 முதல் 250 கிராம் கல்லுப்பு. துளையிட்ட டப்பாவில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு. ராத்திரி முழுக்க வடிய விடுங்கள். நீர் இறங்கிச் சதை இறுகும். பிறகு பாலித்தீன் பையில் கட்டி ஐஸ் பெட்டியில். பையில்லாமல் நேராக ஐஸில் போட்டால் உருகும் நல்ல தண்ணீர் சதையில் ஏறி வெளுத்துப் போகும், வாடையும் போய்விடும். நிறையப் பேர் செய்யும் தப்பு இது. ஐஸும் மீனும் சம எடை.

கரையில் மடவை பிடித்து உயிரோடு வைப்பதானால் 20 லிட்டர் வாளிக்கு 10–12 செ.மீ. மடவை ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். பேட்டரி ஏரேட்டர் ஓடட்டும். அரை மணிக்கு ஒருதரம் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். ஒன்று செத்தால் உடனே எடுத்துவிட வேண்டும். விட்டால் மற்றதும் வரிசையாகப் போகும்.

ஆனையூர் தூண்டில்:

ரொம்ப நன்றி அண்ணே. திருக்கை யோசனையை விட்டுவிட்டோம். மண்டபத்தில் எந்தப் பக்கம் இறங்குவது? முள் எது? உழுவை கடித்துவிட்டால் என்ன செய்வது?

வடகடல்:

இடம் பற்றி நான். மண்டபத்துக்குத் தெற்கே தென்கடல், அது மன்னார் வளைகுடா. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள நீரும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பூங்கா எல்லைக்குள் சுறா மட்டுமில்லை, இரைக்காக ஒரு காரல் பிடிப்பதும் கூடாது. தீவு ஓரம் ஆழம் குறைவு, இரைமீன் மண்டிக் கிடக்கும், கை துறுதுறுக்கும், வேண்டாம். வடக்கே வடகடல், பாக் விரிகுடா. நீங்கள் அந்தப் பக்கமே போங்கள். படகுக்காரரிடம் பதிவு எண், ஆட்களை ஏற்ற அனுமதி இரண்டையும் முன்கூட்டியே கேளுங்கள். எல்லைக்கோடு பக்கம் படகை விடவே வேண்டாம் என்று சொல்லி ஏறுங்கள். இந்தப் பக்கம் இலங்கை எல்லை கிட்டக் கிடக்கிறது.

ஜனவரி என்பதால் தடைக்காலச் சிக்கல் இல்லை. கிழக்குக் கடலில் விசைப்படகுக்கான தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போது இரைமீன் விலையும் ஏறிவிடும்.

முள்: சர்க்கிள் ஹூக் இங்கே சட்டக் கட்டாயம் என்று நினைக்க வேண்டாம், ஆனால் அதையே போடுங்கள். ஜே முள்ளைச் சுறா தொண்டை வரை விழுங்கிவிடும். அப்புறம் விட நினைத்தாலும் உயிரோடு விட முடியாது. சர்க்கிள் ஹூக் வாயோரம் மாட்டும். பால்சுறாவுக்கு 5/0 முதல் 7/0 போதும். பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நிற்கிற மீன். ஸ்டெயின்லெஸ் வேண்டாம், துருப்பிடிக்கும் சாதா இரும்பு முள் வாங்குங்கள். வாயில் தங்கினாலும் நாளடைவில் கரைந்து விழும். முள்ளுக்கு மேலே 30–40 செ.மீ. ஸ்டீல் கம்பி, அதற்கு மேல் சுவிவல் (முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பு), பிறகு 0.50 மி.மீ. தங்கூஸ் (நைலான் நரம்பு).

இரைத்துண்டு 6–8 செ.மீ. முள்ளின் வாயை இரை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் கடி விழும், மீன் மாட்டாது. புதிதாக சர்க்கிள் ஹூக் போடுகிறவர்கள் "ஓடிப்போச்சு, ஓடிப்போச்சு" என்பதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, கடித்ததும் வெடுக்கென்று இழுப்பது. இழுக்காதீர்கள். நரம்பு ஓடட்டும், பிறகு நிதானமாகச் சுற்றுங்கள், முள் தானே திரும்பி மாட்டும். உயிர் மடவையை மேல் உதட்டில் குத்துங்கள். முதுகில் ஆழமாகக் குத்தித் தண்டெலும்பில் பட்டால் செத்துவிடும்.

உழுவையும் திருக்கையும் தரைமீன். ஈயக்குண்டு போட்டு இரையைத் தரையில் கிடத்தினால் அவைதான் முதலில் வரும். மிதவை கட்டி, தரைக்கு ஒன்றரை மீட்டர் மேலே இரை தொங்குமாறு வைத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். சுறாவுக்கு அந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை.

அப்படியும் வந்தால் படகில் தூக்காதீர்கள். நீரில் வைத்தே, முள் கைக்கு எட்டினால் நீண்ட மூக்குக் குறடால் எடுங்கள். எட்டாவிட்டால் கம்பியை முள்ளுக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அங்கே வெட்டுங்கள். அரை மீட்டர் கம்பியை வாயில் தொங்கவிட்டு அனுப்பினால் அது பாசியில் சிக்கி மீன் சாகும். வாலைப் பிடித்துத் தொங்கவிடுவது, போட்டோவுக்காக மடியில் வைப்பது இரண்டும் அதன் உள்ளுறுப்பைக் கெடுக்கும்.

கீழக்கரைக் காற்று:

வடகடல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சிறு சுறாவாக இருந்து துடுப்பு நுனி கறுத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பாண்டிச்சேரிச் சுறாவுக்கும் கறுப்பு நுனி உண்டு. சாதாரணக் கறுப்பு நுனிச் சுறாவிடமிருந்து பிரிக்கப் பல்லையும் முதுகையும் உற்றுப் பார்க்க வேண்டும். உங்கள் குறியான பால்சுறாவுக்கு அப்படிக் கருத்த நுனி கிடையாது, முகம் நீண்டு கூராக இருக்கும்.

வைத்துக்கொள்ளும் சுறாவின் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியக் கூடாது. 2013இல் மத்திய அரசு துடுப்பு உடலோடு ஒட்டியே கரைக்கு வர வேண்டும் என்று கொள்கை அறிவித்தது. 2015இலிருந்து துடுப்பு ஏற்றுமதியே தடை. வெட்டுவதைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரை வாங்கும் கூடையிலும் கண் வையுங்கள். வலையில் வந்த கணவாய், பொடிமீனோடு கடல் குதிரையும் கடல் அட்டையும் கலந்து கிடக்கும். இரண்டும் பாதுகாக்கப்பட்டவை, உங்கள் பெட்டியில் ஒன்று கிடந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். வாங்கும் இடத்திலேயே கொட்டிப் பார்த்து எடுங்கள்.

மீன்பாசி:

ஒருவேளை அடுத்த தரம் கேரளப் பக்கம் போனால் அங்கே அளவு விதி உண்டு. 2015 அறிவிப்பின்படி மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ. இதற்குக் குறைந்ததைப் பிடிக்கக் கூடாது, இரைக்கும் அதே கணக்கு. மத்தி என்பது நம் சாளைதான். இங்கேயும் பொடியை விட்டு அந்த அளவுக்கு மேலே உள்ளதை வாங்குங்கள். 15 செ.மீ. சாளையைக் குறுக்கே வெட்டினால் இரண்டு நல்ல துண்டு, தலைப்பக்கத்தை முதலில் மாட்டுங்கள், அதில்தான் ரத்தம் அதிகம்.