டெல்லி போகிறவர்கள் செங்கோட்டையைக் கடைசியில் வையுங்கள்

குடும்பத்தோடு டெல்லிக்குப் போகிறவர்கள் பலரும் போடும் திட்டம் ஒன்றுதான். காலையில் செங்கோட்டை, மதியம் இந்தியா கேட், சாயங்காலம் அக்ஷர்தாம், மறுநாள் விடிவதற்குள் ஆக்ராவுக்கு வண்டி. நாங்களும் அப்படித்தான் கிளம்பியிருப்போம். மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் டூர் பஸ்ஸை விட்டுவிட்டு மெட்ரோவில் நிதானமாகப் போனோம். தெற்கே குதுப் மினார் இருக்கும் மெஹ்ரௌலியில் ஆரம்பித்து வடக்கே பழைய டெல்லியில் முடித்தோம். அந்த ஊர் எப்படி வளர்ந்ததோ ஏறக்குறைய அதே வரிசையில் பார்த்தது போல ஆயிற்று. இனி யார் கேட்டாலும் இப்படியே போகச் சொல்வேன்.

குதுப் மினார் மெட்ரோ நிலையத்தில் இறங்கியதும் மினார் எதிரிலேயே இருக்கும் என்று நினைக்க வேண்டாம், ஆட்டோ பிடிக்க வேண்டும். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம், நமக்கு 50 ரூபாய்க்குள்தான். 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த மாமியார் கேட்ட முதல் கேள்வி, "மேல ரெண்டு மாடியில மட்டும் ஏன் வெள்ளைக்கல்லு?" நாங்கள் விழித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் இருந்த காவலர் கையைக் காட்டிப் பேசுவதைப் புரிந்துகொண்டு வந்து விளக்கினார். டெல்லி சுல்தான்களான ஐபக் தொடங்கி இல்துத்மிஷ் முடித்த கோபுரத்தின் மேல்பகுதியில் 1369-ல் இடி விழுந்ததாம். பின்னால் வந்த சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் அதைச் சரிசெய்து கட்டியபோதுதான் பளிங்கு வந்ததாம். ஓய்வுபெறும் வயதில் இருந்த அவர் சிறுவயதில் அப்பாவோடு உள்ளே படியேறியிருக்கிறார். 1981 டிசம்பரில் விளக்கு அணைந்து, இருட்டில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தார்கள். அதில் பள்ளிப் பிள்ளைகளே அதிகம். அதன் பிறகு யாரையும் ஏற்றுவதில்லை. அதைச் சொல்லும்போது அவர் கோபுரத்தைப் பார்க்கவில்லை, பூட்டிய வாசலைத்தான் பார்த்தார்.

இரும்புத் தூணைச் சுற்றித்தான் கூட்டம். 1600 வருடமாகத் துருப்பிடிக்காமல் நிற்கும் 6 டன் இரும்பு, கூட்டம் கூடத்தான் செய்யும். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் மசூதித் தூண்களை விட்டுவிடாதீர்கள். மணியும் சங்கிலியும் கும்பமும் செதுக்கிய கோயில் தூண்கள் அவை. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக மசூதி வாசல் கல்வெட்டே சொல்கிறது. மாமியார் ஒரு தூணில் இருந்த மணியை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

அங்கிருந்து சில எட்டில் அலாய் தர்வாசா என்ற நுழைவாயில். கட்டியவர் டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி, வருடம் 1311. நமக்கு இந்த வருடம் லேசில் கடந்து போகிற வருடம் இல்லை. அவர் அனுப்பிய தளபதி மாலிக் கபூரின் படை மதுரையில் நின்றதும் அதே 1311-ல்தான். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததன் மறுமுனை இங்கே சிவப்புக்கல்லில் நிற்கிறது. குதுப் மினாரைவிட இருமடங்கு உயரமாக ஒன்று கட்ட அவர் ஆசைப்பட்டார். 1316-ல் அவர் இறந்ததும் வேலை முதல் மாடியோடு நின்றுபோனது. அந்த முண்டமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. நாங்கள் இருந்த நேரத்தில் அதன் பக்கம் ஒரு ஆள் கூட வரவில்லை.

மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு. நாங்கள் ஏறியதுமே ஒரு பெண் "ஆயியே மாஜி" (வாங்கம்மா) என்று எழுந்து மாமியாரை உட்கார வைத்தார். டெல்லிக்காரர்கள் முரடர்கள் என்று ஊரில் ஆளாளுக்குப் பயமுறுத்தி அனுப்பியதால் இதையும் எழுதிவிடுகிறேன்.

ஹுமாயூன் கல்லறைக்குச் சாயங்கால வெயிலில் போங்கள். கணவருக்காக பேகா பேகம் கட்டியது, தாஜ்மகாலுக்கு அறுபது வருடம் முந்தியது. பக்கத்திலேயே சூஃபி ஞானி நிஜாமுதீனின் தர்கா. வியாழக்கிழமை இரவு கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாட்டு உண்டு. போகும் சந்து குறுகல், ரோஜா விற்பவர்கள் செருப்பை இங்கே விடு என்று விடாமல் கூப்பிடுவார்கள், பணத்தையும் போனையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி, முதலில் சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவின் கல்லறைக்குப் போய் வணங்கிவிட்டு, பிறகு குரு நிஜாமுதீனிடம் போங்கள் என்று வழிகாட்டினார். குருவும் சீடரும் ஒரே வருடத்தில், 1325-ல் இறந்தவர்கள். பெண்களுக்கு உள்ளறையில் அனுமதி இல்லை. பளிங்கு ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்டோம். கவ்வாலியில் ஒரு வார்த்தை புரியாத மாமியார் கைதட்டித் தாளம் போட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

லோதி தோட்டம், ஜந்தர் மந்தர், இந்தியா கேட் எல்லாம் இடையில் நேரம் கிடைத்தபோது பார்த்தவை.

கடைசியாகச் செங்கோட்டை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒருவர், "இன்னைக்குக் கோட்டை லீவு, நல்ல எம்போரியம் காட்டுறேன்" என்று ஆட்டோவில் ஏறச் சொன்னார். கோட்டைக்கு விடுமுறை திங்கள்கிழமைதான், அன்று செவ்வாய். இந்த ஒரு விவரம் தெரியாமல் பாதி நாளைக் கடைகளில் தொலைப்பவர்கள் பலர் உண்டு என்று எங்கள் லாட்ஜில் சொன்னார்கள்.

கோட்டையைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரிடம் தோற்றபின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் இந்தக் கோட்டையை விட்டு ஓடி ஒளிந்த இடம் அந்த ஹுமாயூன் கல்லறை. அங்கே பிடித்து, அவருடைய கோட்டையின் திவானி காஸ் மண்டபத்திலேயே விசாரித்து, ரங்கூனுக்கு அனுப்பினார்கள். கல்லறையைப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பளிங்கு மண்டபத்தின் முன் நிற்கும்போது இது வேறு மாதிரி உறைக்கிறது. 1945-ல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினரை ஆங்கிலேயர் விசாரித்ததும் இதே கோட்டையில். மலேயாத் தோட்டங்களில் இருந்து அந்தப் படைக்குப் போன தமிழர்கள் ஏராளம். உள்ளே நேதாஜி அருங்காட்சியகம் இருக்கிறது, அவசரமில்லாமல் பாருங்கள்.

வெளியே வந்ததும் எதிரில் ஜெயின் லால் மந்திர். அங்கே பறவைகளுக்கு ஒரு ஆஸ்பத்திரி உண்டு. எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் செருப்புப் பெட்டியோடு நின்றான். உள்ளே ஒரு புறா, பட்டத்து மாஞ்சா நூல் இறக்கையை அறுத்திருந்தது. ஊழியர் இறகை ஊதி விலக்கி, காயத்தைத் துடைத்து, மஞ்சள் களிம்பு தடவி, இறக்கையை உடம்போடு சேர்த்து மெல்லிய துணியால் கட்டினார். எல்லாம் இரண்டே நிமிடம், புறா சத்தமே போடவில்லை. காசு வாங்கவில்லை. திருப்பித் தரமாட்டார்கள், குணமானதும் பறக்க விட்டுவிடுவார்கள் என்று பையனே எங்களுக்குச் சொன்னான். மாமிசம் தின்னும் பருந்து வகைகளுக்கு மட்டும் வெளிநோயாளியாக வைத்தியம், உள்ளே சேர்ப்பதில்லை. கூண்டுகளில் அத்தனையும் புறாவும் கிளியும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பட்டம் விடும் காலத்தில்தான் இங்கே கூட்டம் அதிகமாம். கோட்டையில் செலவழித்த நேரத்துக்குக் குறையாமல் இங்கே நின்றோம்.

ஆக்ராவுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், தாஜ்மகாலுக்கு அன்று விடுமுறை. ஜனவரியில் போவதாக இருந்தால் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், திரும்பும் டிக்கெட்டை அதற்கு ஏற்ற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள்.