ஹாரிச்சுக்கு ஒருநாள் பயணம்: அப்பாவுக்கு என்ன காட்டலாம்?

நெய்தல்_மகள்

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கிறேன், அடுத்த மாதம் அப்பா வருகிறார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அரண்மனை, மியூசியம் என்று கூட்டிப் போனால் அரைமணி நேரத்தில் உட்கார இடம் தேடுவார், கப்பல் தெரிகிற இடத்தில் விட்டால் நாள் முழுக்க நின்று பார்ப்பார். அதனால் எசெக்ஸில் ஸ்டூர், ஆர்வெல் என்ற இரண்டு ஆறுகளும் கடலில் சேர்கிற கழிமுகத்தில் இருக்கும் ஹாரிச்சுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். மேஃப்ளவர் கப்பலோடு தொடர்புள்ள ஊர் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு முழங்கால் வலி உண்டு, நிறைய ஏறி இறங்க முடியாது. ஒரு நாளுக்குத் தாங்குமா? எதை விடாமல் பார்க்க வேண்டும்?

கலங்கரை82

கிரேன் ஓட்டியவர் என்று படித்ததுமே பதில் போட உட்கார்ந்துவிட்டேன். தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஹாரிச் கிரீன் என்ற புல்வெளியில் 1667-இல் செய்த ஒரு மர கிரேன் நிற்கிறது. பார்க்க ஒரு மரக் கொட்டகை மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மட்டும் தூக்குகிற கை நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே 16 அடி விட்டத்தில் இரண்டு மரச் சக்கரங்கள், நடுவில் ஒரே அச்சு. ஆட்கள் சக்கரத்துக்குள் இறங்கி நடக்க வேண்டும், நடக்க நடக்க அச்சில் கயிறு சுற்றிக்கொண்டு சரக்கு மேலே போகும். இதில் பிரேக் கிடையாது. மேலே தொங்குகிற பாரம் கைமீறினால் சக்கரம் பின்னால் சுழன்று உள்ளே இருப்பவர்களைத் தூக்கி அடித்துவிடும். இதை உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், நமக்குப் புரிவதைவிட அவருக்கு நன்றாகப் புரியும். முதலில் அது கடற்படைத் தளத்தில் இருந்தது, 1932-இல்தான் புல்வெளிக்குக் கொண்டுவந்தார்கள். அது செய்யப்பட்ட அதே 1667-இல்தான் டச்சுக்காரர்கள் எதிர்க்கரையில் இருக்கும் லேண்ட்கார்ட் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார்கள்.

அப்புறம் மேஃப்ளவர். 1620-இல் இங்கிலாந்திலிருந்து குடியேறப் போனவர்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பலை அமெரிக்காவுக்கு ஓட்டிப் போன கிறிஸ்டோபர் ஜோன்ஸ் இந்த ஊர்க்காரர். கிங்ஸ் ஹெட் தெருவில் அவர் வீடு இன்னும் இருக்கிறது. குறுகலான பழைய தெரு, அந்த வழியாகவே மெதுவாக நடந்து வாருங்கள். நெப்போலியன் காலத்தில், 1808-இல் தொடங்கி 1810-இல் முடித்த ரெடவுட் கோட்டையும் உண்டு, அகழி சூழ்ந்த வட்டக் கோட்டை. முழங்கால் ஒத்துழைத்தால் மட்டும் போங்கள்.

ரயிலில் மானிங்ட்ரீயில் மாற வேண்டும். ஹாரிச் இன்டர்நேஷனலில் இறங்கிவிடாதீர்கள், அது கப்பல் ஏறுகிறவர்களுக்கு, அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கடைசி ஸ்டேஷன் ஹாரிச் டவுன்தான் உங்களுக்கு.

மணல்திட்டு

கிரேனுக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது இரண்டு கலங்கரை விளக்கங்களால். இரண்டும் 1818-இல் கட்டியவை. ஒன்று ஊருக்குள்ளே, 90 அடி உயரம், ஒன்பது பக்கம் கொண்ட செங்கல் கோபுரம். இன்னொன்று குட்டையாகக் கடலோரத்தில். கடலிலிருந்து வருகிற மாலுமிக்கு மேல் விளக்கு கீழ் விளக்குக்கு நேர் மேலே தெரிந்தால் பாதை சரி, விலகித் தெரிந்தால் கப்பலும் விலகிவிட்டது என்று பொருள். இவ்வளவு எளிமையான விஷயம்! ஆனால் கழிமுகத்தின் மணல் சும்மா இருக்குமா? பாதை நகர்ந்துவிட்டது, விளக்குகளை நம்பி வந்தால் ஆபத்து என்ற நிலை வந்தது. 1863-இல் இரண்டையும் அணைத்துவிட்டு, டோவர்கோர்ட் கடற்கரையில் இரும்புக் கால்களில் வேறு இரண்டை நிறுத்தினார்கள். குட்டை விளக்கின் பக்கத்தில் நின்று திரும்பி ஊரைப் பாருங்கள், நெட்டைக் கோபுரம் கூரைகளுக்கு மேலே எழுந்து நிற்கும். ஏறவே தேவையில்லை, முழங்காலுக்கும் பிரச்சினை இல்லை. குட்டை விளக்குக்குள் இப்போது கடல்சார் மியூசியம். இங்கே பலவற்றைத் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள், அதனால் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கப்பல் பார்க்க ஹேப்னி பியர். 1853-இல் கட்டிய மரப் பாலம், நுழைய அரை பென்னி வாங்கியதால் வந்த பெயர். எதிரே ஃபீலிக்ஸ்டோவின் கன்டெய்னர் துறைமுகம் முழுசாகத் தெரியும், பிரமாண்டமான கிரேன்கள் வரிசையாக நிற்கும். அப்பாவை அங்கே உட்கார வைத்துவிட்டால் போதும்.

பழைய_ரயில்

கலங்கரை82 சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு. ஹாரிச் இன்டர்நேஷனலில் ஒன்றுமில்லை என்று விட்டுவிட முடியாது. அதன் பழைய பெயர் பார்க்ஸ்டன் கீ. நாஜிகளிடமிருந்து தப்பிக்க அனுப்பப்பட்ட யூதக் குழந்தைகளின் முதல் கூட்டம், ஏறக்குறைய 200 பேர், 1938 டிசம்பர் 2 அன்று வந்து இறங்கியது அங்கேதான். அதற்கப்புறம் வந்தவர்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 10,000 குழந்தைகள் இங்கிலாந்துக்கு வந்தார்கள், பலருக்கு முதலில் மிதித்த மண் ஹாரிச்தான். பெரும்பாலோர் பெற்றோரை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. 2022-இல் ஹாரிச் கப்பல்துறையில் ஒரு வெண்கலச் சிற்பம் வைத்தார்கள்: கப்பலிலிருந்து பலகை வழியே இறங்கும் ஐந்து குழந்தைகள், ஆளுக்கொரு முகபாவம். பியர் பக்கம் போகும்போது அதைப் பார்க்காமல் வராதீர்கள். இறங்க வேண்டிய ஸ்டேஷன் ஹாரிச் டவுன்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் வண்டி இன்டர்நேஷனலில் நிற்கும்போது ஜன்னல் வழியே ஒரு நிமிஷம் பாருங்கள்.

கலங்கரை82

நீங்கள் சொல்வது சரி. நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. சிற்பத்தைப் பார்த்திருக்கிறேன், இரண்டு இடத்தையும் மனசில் சேர்த்துப் பார்த்ததில்லை.

நெய்தல்_மகள்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் அப்பாவுக்கு போன் பண்ணி அந்த மர கிரேனைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பிரேக் இல்லாமல் பாரத்தை எப்படிம்மா இறக்கியிருப்பான்?" என்று கேட்டார்.