குழந்தையின் ரத்தத்தில் ஈயம்: உங்கள் அனுபவம் என்ன?

ஓர் அம்மா:
மகனுக்கு ரத்தசோகை என்று பரிசோதனைக்கு எழுதியபோது, ஈயத்தையும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். இரண்டு வயதுப் பையன், நன்றாகத்தான் ஓடியாடிக்கொண்டிருந்தான். கொஞ்சம் மலச்சிக்கல், கொஞ்சம் அழுகை, அவ்வளவுதான். வந்த முடிவு, டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம். 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே என்றாலும் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாதாம்.

எங்களுடையது பழைய வீடு. தேடியதில் ஜன்னல்தான் அகப்பட்டது. கதவு சட்டத்தோடு உரசும் இடத்தில் மேல்பூச்சு தேய்ந்து, அடியில் அடுக்கடுக்காக, ஈயம் கலந்த பழைய பெயின்ட் தெரிந்தது. கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் வெள்ளையாகத் தூசி. அங்கே நின்றுதான் வேடிக்கை பார்ப்பான். விளிம்பில் அவன் பல் பதிந்த தடமே இருந்தது.

வீட்டுக்காரர் உடனே உப்புத்தாளோடு ஆள் அனுப்பினார். நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். காய்ந்த பெயின்ட்டைத் தேய்த்தால் அந்தத் தூசி மொத்த வீட்டுக்கும் பரவும். விவரம் தெரிந்தவர்கள் வந்து நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை பையனை வேறு வீட்டில் வைத்திருந்தோம்.

மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்ற முடியாதா என்று கேட்டேன். அந்த மருந்து பொதுவாக 45-க்கு மேல் போனவர்களுக்குத்தானாம். இவனுக்கு இரும்புச்சத்து மட்டும் கொடுத்தார்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அளவு இறங்குகிறது, ஆனால் மெதுவாக. எலும்பில் போய்த் தங்கியது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்குமே!

பேட்டரிப் பட்டறைக்காரரின் மனைவி:
எங்கள் வீட்டுப் பெயின்ட் புதுசு. ஈயம் வந்தது இவருடைய சட்டையிலும் செருப்பிலும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் பாப்பா ஓடிப்போய் அப்பா காலைக் கட்டிக்கொள்வாள். இப்போது பட்டறையிலேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் கிளம்புகிறார். வேலைத் துணியைத் தனியாகத் துவைக்கிறேன். பட்டறையில் இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் குடல் ஈயத்தை உறிஞ்சுமாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்:
சகோதரி, வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்கும் பார்த்துவிடுங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் உங்களுக்கும் அவசியம். தாயின் ரத்தத்திலிருந்து ஈயம் கருவுக்குப் போகும்.

பரிசோதனை பற்றி ஒன்று. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் அளவு கூடுதலாக வந்தால், நரம்பில் எடுத்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். குத்துவதற்கு முன் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வது அதனால்தான்.