வால்பாறை யானைத் தகவல்: எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமா?

நடுமலைவாசி | மாலை 4.50

வெளியூர் நண்பர்களுக்காக முதலில் இரண்டு வரி. வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். தேயிலையும் கொஞ்சம் காப்பியும். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக எங்கள் தேயிலைக்குள்தான் நடந்தாக வேண்டும். அதனால் இன்று எந்த எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்று உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்து ஓடும். 2011-இலிருந்து, பதிவு செய்தவர்களின் போனுக்குக் குறுஞ்செய்தியும் வருகிறது. சில முனைகளில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு எரியும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு இது. இந்தப் பணிக்காக அந்த அமைப்பின் ஆனந்தகுமாருக்கு 2015-இல், இயற்கைப் பாதுகாப்புக்குத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது.

என் வாதம் இதுதான்: இந்தத் தகவலை இனிப் பொதுவில் வைக்க வேண்டும். பஸ் நிலையத்தில் பெரிய மின்பலகை, எல்லோரும் பார்க்கும் வாட்ஸ்அப் சேனல், எதுவானாலும் சரி. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி சாலையில் மோட்டார் சைக்கிளில் வந்த ஜெர்மானியப் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார். ஊர்க்காரன் உயிருக்கு ஒரு அறிவிப்பு, வந்தவன் உயிருக்கு ஒன்றும் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

சோலைமந்தி | மாலை 5.15

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் காட்டும் உதாரணமே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. அன்று யானை சாலையில் நின்றதைப் பார்த்து மற்ற வண்டிகள் காத்திருந்தன என்றுதான் செய்திகளில் வந்தது. கண்ணெதிரே யானை நின்றபோதே நிற்காத ஒருவரை, மின்பலகை நிறுத்தியிருக்குமா?

யானை நிற்கும் இடம் மழைச் செய்தி போன்றதல்ல. மழை எங்கே பெய்கிறது என்று சொன்னால் யாரும் அங்கே ஓடுவதில்லை. நான் தன்னார்வலனாகக் கண்காணிப்புக் குழுவோடு நடந்திருக்கிறேன். ஒருமுறை ஊர்க்காரர்களுக்குப் போன குறுஞ்செய்தியை யாரோ சுற்றுலாக் குழு ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் அந்த வளைவில் பதினொரு வண்டிகள். யானைக் கூட்டத்தில் ஒரு குட்டி இருந்தது. ஆற்றுக்கு இறங்க வேண்டிய இடத்தில் ஆட்கள் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தாய் யானை மூன்று முறை சாலை விளிம்புக்கு வந்து, மூன்று முறையும் திரும்பியது. இருட்டிய பிறகு அந்தக் கூட்டம் மேல்பக்கமாக ஏறி, எஸ்டேட் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவே போனது. வண்டிக்காரர்கள் இரவு உணவுக்கு விடுதிக்குப் போய்விட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் தொழிலாளிகள்.

தேயிலையை யானை தின்பதில்லை. அதற்கு வேண்டியது வழி. பகலில் ஆற்றோரப் புதருக்குள்ளும் சோலைத் துண்டுகளிலும் ஒதுங்கி, இருட்டும்போது வெளியே வரும். ஒதுங்கும் இடத்தை ஊருக்கே சொன்னால் அதற்கு ஒதுங்க இடமில்லாமல் போகும்.

நாற்பதாவது வளைவு | மாலை 5.32

சோலைமந்தி அண்ணன் வண்டிக்காரர்கள் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டார். நானும் வண்டிக்காரன்தான். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்களைப் பதினான்கு வருடமாக ஏற்றி இறக்குகிறேன். மூடுபனியில் முன்விளக்கு வெளிச்சம் ஐந்தடிக்கு மேல் போகாது. அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் கொம்பன் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா? யானை பார்க்கத் துடிப்பவன் எப்படியும் தேடிப் போவான். தகவல் இல்லாமல் மாட்டிக்கொள்வது என்னைப் போல ஒழுங்காக ஓட்டுகிறவன்தான்.

சோலைமந்தி | மாலை 5.38

தம்பி, உங்கள் எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இங்கே வாழ்கிறவர், இந்தச் சாலையில் ஓட்டுகிறவர் யாரையும் நான் தடுக்கவில்லை.

மலைக்காற்று | மாலை 5.51

நான் இரண்டு பக்கமும் இல்லை. அறிவிப்பு, அறிவிப்பு என்று பேசிப் பேசி, பாதுகாப்பை முழுக்க மக்கள் தலையில் கட்டிவிட்டோம். யாருக்காவது அடிபட்டால் முதல் கேள்வி, ‘மெசேஜ் வந்ததே, ஏன் வெளியே போனாய்?’ கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கும் லைனில் ஒரு கர்ப்பிணிப் பெண் ராத்திரி எங்கே போவாள்? ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் அரிசி மூட்டையை அடுக்கிவைத்தால் யானை மோப்பம் பிடித்துச் சுவரை உடைக்கத்தானே செய்யும்? அரிசியை லைன்களுக்கு நடுவே சேமித்து வைக்காமல் வண்டியில் கொண்டுவந்து கொடுங்கள். கழிப்பறையை வீட்டை ஒட்டிக் கட்டுங்கள். பிறகு குறுஞ்செய்தி பற்றிப் பேசலாம்.

இன்னொன்று. சிறுத்தைக்கு என்ன அறிவிப்பு? எங்கள் பிள்ளைகளுக்கு அந்திநேரத்தில் அதுதானே பெரிய பயம்.

சோலைமந்தி | மாலை 6.04

அரிசி, கழிப்பறை இரண்டையும் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ‘பிறகு’ என்ற சொல்லை ஏற்க மாட்டேன். இந்த மேட்டில் யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர் அது அங்கே நிற்பது தெரியாமல் எதிரே போய் நின்றவர்கள். அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் இந்த ஏற்பாடே பிறந்தது. கட்டடம் எழும்பும் வரை, தினமும் இங்கே நடக்கிறவர்கள் காத்திருக்க முடியாது.

சிறுத்தையை இப்படிச் சொல்ல முடியாது. யானைக் கூட்டம் போனால் காலடியும் சாணமும் ஒடிந்த கிளையும் இருக்கும். பகல் முழுக்கப் பின்தொடர ஆள் வைக்கலாம். சிறுத்தை பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் தெரியாது. அதற்கு வீட்டைச் சுற்றிப் புதர் வெட்டுவதும், இறைச்சிக் கழிவைக் கொட்டாமல் இருப்பதும், இருட்டும் முன் பிள்ளைகளை உள்ளே அழைப்பதும்தான் வழி. தினமும் ‘சிறுத்தை இருக்கலாம்’ என்று செய்தி அனுப்பினால் நான்காம் நாள் யானைச் செய்தியையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

கொழுந்துக்கூடை | மாலை 6.20

எல்லோரும் போனை நடுவில் வைத்தே பேசுகிறீர்கள். நான் கொழுந்து பறிக்கிறவள். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எங்கள் காட்டில் (கொழுந்து பறிக்கும் தேயிலைப் பகுதியைத்தான் காடு என்போம், ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு) பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. தென்மேற்குப் பருவமழையில் டவர் போனால் இரண்டு நாள் போன் பொம்மைதான். என்னோடு நிரையில் நிற்கும் அக்காவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது; இப்போது அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. யாருக்குத் திறந்துவிடுவது என்று சண்டை போடுகிறீர்கள். எங்களுக்கு வந்து சேருகிறதா என்று யாராவது கேட்டீர்களா?

போன வருடம் டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். கடையில் எண்ணெய் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்கு லைனுக்கு நடந்தேன். குறுக்குப் பாதையில் திரும்பும்போது ஈரச் சாணத்தின் வாடை. டார்ச்சைக் கீழே அடித்தேன். என் முறம் அகலத்துக்கு ஒரு காலடி, அதில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அப்படியே பின்னால் நடந்தேன். ஓடவில்லை, ஓட முடியவும் இல்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் போன் ஒலித்தது. நான் நடந்த அதே காட்டின் நம்பரைச் சொல்லி, யானை நிற்கிறது என்றது செய்தி.

அந்தத் திருப்பத்தில் சிவப்பு விளக்குக் கம்பம் இருக்கிறது. யானை பக்கத்தில் வந்தால், பொறுப்பிலிருப்பவர் போனிலிருந்து ஒரு அழைப்பு கொடுத்தால் எரியும். படிக்கத் தெரிய வேண்டாம், நடக்கிறவள் கையில் போன் இருக்க வேண்டாம். அது எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகாது. அந்தப் பாதையில் நடக்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அன்று அது எரியவில்லை. விசாரித்தபோது, அதற்குள் இருக்கும் சிம்முக்கு இரண்டு மாதமாகப் பணம் கட்டவில்லை என்றார்கள். யார் கட்ட வேண்டும் என்றே யாருக்கும் தெரியவில்லை.

நடுமலைவாசி | மாலை 6.41

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நான் எழுதியதை மறுபடி படித்தேன். மின்பலகைக்கு ஆகும் பணத்தில் எத்தனை கம்பத்துக்குச் சிம் போடலாம் என்று யோசிக்கிறேன். அந்த இடத்தில் நான் பின்வாங்குகிறேன்.

ஆனால் சுற்றுலாப் பயணிகள் விஷயத்தில் இல்லை. நீதிமன்ற உத்தரவுப்படி 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கு இ-பாஸ் வந்துவிட்டது. வருகிற ஒவ்வொருவரின் எண்ணும் அரசிடம் இருக்கிறது. அந்த எண்ணுக்கு ஒரு செய்தி போனால் என்ன?

சோலைமந்தி | மாலை 6.50

போகட்டும், இடத்தின் பெயர் இல்லாமல். ‘இன்று மாலை இந்தச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு. வண்டியை எங்கும் நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள்.’ இதற்கு மேல் ஒரு சொல் கூடாது. எஸ்டேட் பெயரும் காட்டு நம்பரும் ஊர்க்காரர்களுக்கு மட்டும்.

நாற்பதாவது வளைவு | மாலை 6.57

தினமும் அதே வரி வந்தால் யார் மதிப்பார்கள்? சிறுத்தைக்கு நீங்கள் சொன்ன நியாயம் இதற்கும் பொருந்தும் அல்லவா, அண்ணா? குறைந்தபட்சம் எந்த வளைவிலிருந்து எந்த வளைவு வரை என்றாவது சொல்லுங்கள். வளைவுகளுக்கு நம்பர் போட்ட பலகை ஏற்கெனவே இருக்கிறது.

சோலைமந்தி | மாலை 7.03

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். நடமாட்டம் இல்லாத நாளில் செய்தி அனுப்பக்கூடாது, அதை ஒப்புக்கொள்கிறேன். வளைவு நம்பருக்கு மட்டும் இன்னும் மனம் வரவில்லை. அந்தப் பதினொரு வண்டிக்கும் அது போதுமானதாக இருந்திருக்கும்.

கொழுந்துக்கூடை | மாலை 7.12

வளைவு நம்பரை நீங்கள் பேசி முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை யூனியன் கூட்டத்தில் நான் இரண்டைத்தான் கேட்கப் போகிறேன்: ஒவ்வொரு கம்பத்துக்கும் பணம் கட்டப் பொறுப்பான ஒரு ஆள், அவர் பெயர் காலையில் வேலைக்கு ஆள் பதியும் மஸ்டர் பலகையில் எழுதப்பட வேண்டும். குறுஞ்செய்திக்குப் பதில் குரல் அழைப்பு, தமிழிலும் இந்தியிலும், ஆறு மணிக்கு முன்னால். மலைக்காற்று தம்பி சொன்ன கழிப்பறையையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது எழுந்து போகிறேன். திருப்பத்துக் கம்பம் எரிகிறது. மகன் டியூஷனில் இருக்கிறான். அங்கேயே இருக்கச் சொல்லி டீச்சருக்குப் போன் செய்ய வேண்டும்.