அயர்லாந்தின் மொயாஸ்டா சந்திப்பு: சிற்றூருக்கு ரயில் வந்தது யார் பணத்தில்?

திருத்துறைப்பூண்டி ரயிலடி:
அயர்லாந்தின் மேற்குக் கடலோரக் கிளேர் மாவட்டத்தில் மொயாஸ்டா என்றொரு சிற்றூர் உள்ளது. என்னிஸ் நகரிலிருந்து வந்த ரயில்பாதை 1892 முதல் இங்கிருந்துதான் கில்ரஷுக்கும் கில்கீக்கும் பிரிந்து சென்றது. சில வீடுகளே உள்ள இடத்தில் ஒரு சந்திப்பு நிலையம் அமைய யார் பணம் போட்டார்கள்? நம் தஞ்சை ஜில்லா போர்டு (வெள்ளையர் கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பு) ரயிலைப் போன்ற ஏற்பாடு அங்கும் இருந்ததா?

பேரளம் வாத்தியார்:
இருந்தது, ஆனால் தலைகீழாக. 1883ஆம் ஆண்டின் டிராம்வே சட்டப்படி, கம்பெனி பங்குகளை விற்றுப் பாதை போடும். பங்குதாரர்களுக்கு உறுதியளித்த ஈவுத்தொகையில் துண்டு விழுந்தால், ரயிலேறியே பார்க்காதவர் உட்பட அந்த வட்டாரத்தில் வரி கட்டுவோர் அதை ஈடுகட்ட வேண்டும். 1885 ஜனவரியில் மில்டவுன் மால்பேயில் முதல் மண்ணை வெட்டியவர் அயர்லாந்துத் தேசிய இயக்கத் தலைவர் பார்னெல். 1887 ஜூலையில் என்னிஸிலிருந்து அந்த ஊர் வரை பாதை திறக்கப்பட்டது.

இங்கோ ஜில்லா போர்டு நிலவரியோடு மேல்வரி தண்டி, அந்தப் பணத்தில் மாயவரம்–முத்துப்பேட்டை பாதையை 1894இல் கொண்டுவந்தது. வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதை போர்டின் சொத்து. நம் மிராசுதார் கட்டிய வரிக்கு ஒரு பாதையாவது மிஞ்சியது, கிளேர் விவசாயி கட்டியதோ பங்குதாரரின் பைக்குப் போயிற்று. போர்டு செய்ததே நியாயமான ஏற்பாடு என்பேன்.

முத்துப்பேட்டை அலையாத்தி:
ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தக் கிளேர் பாதையின் அகலம் 3 அடிதான். அயர்லாந்தின் பெரிய பாதைகளுக்கோ 5 அடி 3 அங்குலம். ஆகவே வெளியூர்ச் சரக்கு முழுவதையும் என்னிஸில் இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு அட்லாண்டிக் காற்று வேறு. குவில்டி நிலையத்தில் 1909இல் காற்றுமானி வைத்தார்கள்: மணிக்கு 60 மைலைத் தாண்டினால் பாரம் ஏற்றிய பெட்டிகளுக்கு மட்டும் அனுமதி, 80 மைலைத் தாண்டினால் போக்குவரத்தே நிறுத்தம். பாம்பனில் காற்று வலுத்தால் கைகாட்டி இறங்காது என்பதை அறிந்த நமக்கு இது விளங்கும், ஆனால் அங்கே பாலமல்ல, தரைப்பாதை.

திருத்துறைப்பூண்டி ரயிலடி:
இருவருக்கும் நன்றி. பாதை எப்போது மூடப்பட்டது?

பேரளம் வாத்தியார்:
1961 ஜனவரி 31 அன்று. 1950களில் டீசல் வண்டிகளை விட்டுப் பார்த்தும் நட்டம் தீரவில்லை. பின்னாளில் ஆர்வலர்கள் மொயாஸ்டா நிலையத்தைப் புதுப்பித்துச் சிறிது தூரம் தண்டவாளமும் போட்டார்கள். 1892இல் செய்த ‘ஸ்லீவ் கேலன்’ நீராவி எஞ்சின் 2009இல் அங்கே திரும்பியது. அது சுற்றுலாவுக்கானது. உங்கள் ஊரிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் அகலப்பாதையில் மீண்டும் ஓடத் தொடங்கியதோ அன்றாடப் பயணிகளுக்கான வண்டி.