தொங்கும் தூண், பழையபேட்டைத் திண்ணை, வேடியப்பன் கல்: ஊர்க் கட்டடங்களோடு வளர்ந்தவர்களின் அனுபவப் பகிர்வு

தருமபுரி, கோட்டைப் பகுதி

கோட்டைக் கோயில் என்றால் பெரியவர்களுக்குக் கல்யாண காமாட்சியும் மல்லிகார்ஜுனரும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது தொங்கும் தூண் இருக்கிற கோயில், அவ்வளவுதான். மல்லிகார்ஜுனர் சன்னதிக்கு முன்னால் மண்டபத்தில் தரையில் படாமல் நிற்கும் தூண். அதன் அடியில் ஒரு பக்கம் தாளை நுழைத்தால் மறுபக்கம் இழுத்துவிடலாம். பள்ளிக்கூடம் விட்டதும் பை தோளில் இருக்கும்போதே ஓடுவோம். நோட்டில் கிழித்த தாள், அண்ணனின் கைக்குட்டை, எது போகும் எது சிக்கும் என்று பார்ப்பதுதான் விளையாட்டு. ஐயர் வரும் சத்தம் கேட்டால் எல்லோரும் பிரகாரத்தில் பக்தியோடு சுற்றிக்கொண்டிருப்போம்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மகளை அழைத்துப் போனேன். தூணைக் காட்டத்தான் போனேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. அம்மன் கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிலும் ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருப்பார்கள். பாட்டி என் கையைப் பிடித்து அவற்றின் மேல் வைத்து, "இது அனுமாரு, இது ராவணன்" என்று சொல்லிக்கொண்டே சுற்றுவார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கதை மாறும். ஒரு வாரம் பொன்மான் மாரீசன், அடுத்த வாரம் அதே மான் வெறும் மான். பாட்டி போய் வருடங்கள் ஆகிவிட்டன. அன்றைக்கு அந்தக் கல்லில் கை வைத்ததும் எந்த இடத்தில் எந்தக் கதை என்று விரலுக்கே தெரிந்தது.

அதியமானின் தகடூர், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர் என்றெல்லாம் பாடத்தில் படித்தோம். கோயில் நுளம்பர் என்ற அரசர்கள் காலத்தது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். நாங்கள் இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

அக்கா, நீங்கள் சொல்லாமல் விட்ட வீட்டை நான் சொல்கிறேன். எங்கள் வீடும் அப்படித்தான் போனது.

தெருவைப் பார்த்த திண்ணை, முழுக்கக் கல் பலகை. சித்திரை வெயிலிலும் மத்தியானம் முதுகு வைத்தால் சில்லென்று இருக்கும். மாங்காய்க் காலத்தில் உள்ளறை முழுவதும் வைக்கோல் பரப்பி செந்தூராவும் பெங்களூராவும் அடுக்குவார்கள். அந்த வாசம் சுவரில் ஏறி ஐப்பசி மழை வரைக்கும் இருக்கும். வாசலில் நின்று நிமிர்ந்தால் நேராக மலைக்கோட்டை.

ராத்திரி அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் அப்பாயி ரயில் கதை சொல்வார். கிருஷ்ணகிரிக்கு ஏது ரயில் என்று இப்போதைய பிள்ளைகள் கேட்பார்கள். 1905-ல் திருப்பத்தூரிலிருந்து இங்கே இரண்டரை அடி அகலத்தில் சின்னப் பாதை போட்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் அது நின்றது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் போன பாதைக்கும் அதே ஆண்டில் அதே கதி. அந்த ஓசூர்ப் பக்கத்துக்குப் பின்னாளில் வேறு பாதை வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை. மாவட்டத் தலைநகராகி இத்தனை வருடம் ஆகியும் ஊருக்குள் ரயில் நிலையம் இல்லை. அப்பாயி அந்த ரயிலில் சின்னப் பெண்ணாக ஏறியவர். எஞ்சின் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார், நாங்கள் தூங்கிப்போவோம்.

வீட்டை இடித்த அன்று கல்தூண்களை மட்டும் யாரோ விலை பேசி லாரியில் ஏற்றிப் போனார்கள். எந்த ஊரில், எந்த வீட்டு முன்னால் நிற்கின்றனவோ. இருந்தால் சரி என்றுதான் நினைக்கிறேன்.

போச்சம்பள்ளிப் பக்கம்

எங்கள் ஊரில் பழைய கட்டடம் என்றால் ஏரிக்கரை வேடியப்பன் கோயில்தான். மூன்று பக்கம் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒன்றைப் படுக்க வைத்தது. உள்ளே ஒரு வீரன், கையில் வில். மாடு மேய்க்கும்போது மழை வந்தால் அதற்குள் ஒண்டிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் போவார்கள். அது நடுகல், சண்டையில் செத்தவனுக்கு எடுத்தது, மேலே இருக்கும் கோடுகள் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து என்று ஏழாம் வகுப்பு வாத்தியார் நேரில் கூட்டிவந்து காட்டினார். அதுவரை அதைக் கல்லில் விழுந்த கீறல் என்றே நினைத்திருந்தோம்.

இப்போது கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, வேடியப்பனுக்கு எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சாமிக்கு நல்லது செய்கிறோம் என்ற மனசுதான். ஆனால் எழுத்து பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது.

தருமபுரி, கோட்டைப் பகுதி

தம்பி, பெயிண்டை யாரும் சுரண்ட வேண்டாம், எழுத்தும் சேர்ந்து போய்விடும். தருமபுரியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமான அகழ்வைப்பகம் இருக்கிறது, நிறைய நடுகற்கள் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரோடு அங்கே போய்ச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன் எடுத்த போட்டோ, கல்யாண ஆல்பமோ திருவிழாப் படமோ, யார் வீட்டிலாவது இருக்கும். அதை முதலில் தேடிக் கையோடு எடுத்துப் போங்கள்.